பெருங்குடல் புற்றுநோயில் கருப்பின அமெரிக்கர்கள் ஏன் அதிகம் இறக்கிறார்கள்? கட்டியின் நோயெதிர்ப்பு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட் 28 அன்று பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. 2016இல் நோய் தெரியவந்தபோதே அது மூன்றாம் கட்டத்தை எட்டியிருந்தது. அறிகுறி இல்லாதவர்கள் பரிசோதனையைத் தொடங்க அன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்பட்ட வயது 50. அதாவது, விதிமுறைப்படி நடந்திருந்தாலும் அவருக்குப் பரிசோதனைக்கான அழைப்பே வந்திருக்காது.

அவர் மறைவுக்குப் பிறகு பலரும் மேற்கோள் காட்டிய அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் கணக்கு இது: வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கருப்பின அமெரிக்கர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும், அதனால் இறக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதமும் அதிகம். நோய் வருவதில் இருக்கும் இடைவெளி இறப்பில் இரட்டிப்பாகிறது. இந்த இரட்டிப்புக்கு என்ன காரணம் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஒருபக்கம் வறுமை, காப்பீடின்மை, தாமதமான நோயறிதல் என்று சமூகக் காரணங்களைச் சொல்லும் செய்திகள். மறுபக்கம், கருப்பினத்தவரின் கட்டிகளில் நோயெதிர்ப்பு செல்கள் குறைவாகவோ செயலிழந்தோ இருப்பதாகச் சொல்லும் ஆய்வகச் செய்திகள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், 'அப்படியானால் இது பிறவியிலேயே உள்ள வேறுபாடா?' என்று கேட்பது இயல்பு. இந்த இரண்டையும் எதிரெதிர் விடைகளாக நிறுத்தியதே தவறு என்பது என் வாசிப்பு. அதை விளக்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள்

புற்றுநோய்க் கட்டி என்பது புற்றுசெல்கள் மட்டும் கொண்ட உருண்டை அல்ல. ரத்தக் குழாய்கள், நார்த்திசு, பாக்டீரியாக்கள், பலவகை வெள்ளணுக்கள் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கின்றன. அந்த வெள்ளணுக்களில் முக்கியமானவை டி செல்கள். அவற்றிலும் சி.டி.8 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கியவை, புற்றுசெல்லை நேரடியாகக் கொல்லக்கூடியவை. இவை துளைபோடும் புரதம் ஒன்றைக் கொண்டு புற்றுசெல்லின் வெளிச்சவ்வைத் திறந்து, கிரான்சைம் பி என்ற நொதியை உள்ளே செலுத்துகின்றன. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டியை மெல்லிய சீவலாக வெட்டி, சி.டி.8 புரதத்தை மட்டும் பழுப்பாக்கும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலரது கட்டியில், புற்றுசெல்கள் நல்ல திசுவுக்குள் ஊடுருவும் விளிம்பு நெடுகிலும் பழுப்புப் புள்ளிகள் அடர்ந்து நிற்கும். சில புள்ளிகள் சுரப்பிகளின் உள்ளே வரை நுழைந்திருக்கும். வேறு சிலரது கட்டியில் வெறும் நீலநிறச் சுரப்பிகள்தான். பழுப்பைத் தேட வேண்டியிருக்கும். இன்னொரு வகையும் உண்டு: புள்ளிகள் விளிம்புவரை வந்து, உள்ளே புகாமல் அங்கேயே தேங்கி நிற்கும்.

இந்தப் புள்ளிகளை எண்ணுவதால் என்ன பயன்? 2006இல் பிரான்ஸின் ஜெரோம் காலோன் குழு ஒரு பதில் சொன்னது. கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள டி செல்களின் வகை, அடர்த்தி, இருப்பிடம் ஆகியவை, நோய் திரும்பிவருமா என்பதைச் சொல்வதில் வழக்கமான கட்ட வகைப்பாட்டோடு போட்டி போடும் என்று காட்டியது. அதிலிருந்து பிறந்த 'இம்யூனோஸ்கோர்' என்ற மதிப்பெண் முறையை, பல நாடுகளைச் சேர்ந்த 2,600க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளில் சோதித்த முடிவுகள் 2018இல் வெளிவந்தன. டி செல்கள் அடர்ந்த கட்டி உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்பது உறுதியானது.

மரபணுக் குறைபாடு அனுகூலமாகும் இடம்

எல்லாக் கட்டிகளும் டி செல்களை ஒரே அளவில் ஈர்ப்பதில்லை. இதில் ஒரு மரபணுக் குறைபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, படியெடுப்பில் நேரும் பிழைகளை அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துபவரைப் போல எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு மரபணுக்களின் புரதங்கள் பார்த்துத் திருத்துகின்றன. இவற்றில் ஒன்று செயலிழந்தாலும் பிழைகள் குவிகின்றன. ஒரே எழுத்தோ இரண்டு எழுத்தோ திரும்பத் திரும்ப வரும் குறும்பகுதிகளில் (இவற்றுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர்) அது முதலில் வெளிப்படும். இத்தகைய கட்டிகளை எம்.எஸ்.ஐ. கட்டிகள் என்கிறார்கள்.

பிழைகள் மிகுந்த புற்றுசெல் விசித்திரமான புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றை டி செல்கள் அந்நியமாக அடையாளம் காண்கின்றன. கூட்டமாக உள்ளே வருகின்றன. புற்றுசெல்லின் பலவீனம் நோயாளிக்கு அனுகூலமாகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதம் இவ்வகை. நான்காம் கட்டத்துக்குப் பரவியவற்றில் சுமார் 5 சதவீதம் மட்டுமே.

சிகிச்சையிலும் இதற்கு நேரடி விளைவு உண்டு. டி செல்லின் மேல் பி.டி.-1 என்ற தடைப் பொத்தான் இருக்கிறது. புற்றுசெல்கள் அதை அழுத்தி டி செல்லை அடக்கிவிடுகின்றன. இத்தகைய தடைகளை நீக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை, எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், பிற சிகிச்சைகளுக்குப் பின்னும் வளரும் எம்.எஸ்.ஐ. கட்டிகளுக்குக் கொடுக்க அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. பரவிய எம்.எஸ்.ஐ. பெருங்குடல் புற்றுநோய் கொண்ட 307 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதை முதல் சிகிச்சையாகவே கொடுத்துப் பார்த்த சோதனையில், அதைப் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் கழிந்த இடைநிலைக் காலம் 16.5 மாதங்கள், கீமோதெரபி பெற்றவர்களுக்கு 8.2 மாதங்கள். எம்.எஸ்.ஐ. இல்லாத பெரும்பான்மைக் கட்டிகளில் இதே மருந்து தனியாகப் பெரும்பாலும் பலன் தருவதில்லை.

ஆக, ஒரு மக்கள் கூட்டத்தில் எம்.எஸ்.ஐ. கட்டிகள் குறைவாக இருந்தால் இரண்டு இழப்புகள்: இயற்கையான டி செல் பாதுகாப்பு குறைகிறது, புதிய சிகிச்சைக்குத் தகுதி பெறுவோரும் குறைகிறார்கள்.

இன வாரியாகப் பார்த்த ஆய்வுகள்

1. ஜான் கரேதர்ஸ் குழு வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த சுமார் 500 பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. வெள்ளையர்களின் கட்டிகளில் 14 சதவீதமும் கருப்பினத்தவர் கட்டிகளில் 7 சதவீதமும் எம்.எஸ்.ஐ. வகை. கட்டிகளின் டி செல் ஊடுருவலிலும் இரு பிரிவினரிடையே வேறுபாடு தென்பட்டது.

2. பிற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் படம் கலங்குகிறது. சிலவற்றில் கருப்பினத்தவரிடம் எம்.எஸ்.ஐ. அதிகம், பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதில் வயதுக்கும் பங்கு உண்டு. பரம்பரையாக வராத எம்.எஸ்.ஐ. கட்டிகள் பெரும்பாலும் முதியவர்களிடம் தோன்றுகின்றன. கருப்பின அமெரிக்கர்களுக்கோ சராசரியாக இளம் வயதிலேயே நோய் கண்டறியப்படுகிறது. ஒவ்வோர் ஆய்வும் எந்த வயதினரைச் சேர்த்தது என்பதைப் பொறுத்தே விடை மாறக்கூடும்.

3. எம்.எஸ்.ஐ. அல்லாத கட்டிகளிலும் வேறுபாடு தேடப்பட்டிருக்கிறது. கருப்பின நோயாளிகளின் கட்டிகளில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் மந்தமாக இயங்குவதாகவும், டி செல்கள் களைப்படைந்த நிலையில் இருப்பதாகவும் சில குழுக்கள் கூறியுள்ளன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். செல் வளர்ச்சியைத் தூண்டும் கே.ராஸ் என்ற மரபணுவின் திரிபு அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது மட்டும் பல இடங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது.

தாமதமே உண்டாக்கும் தோற்றம்

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது பலரும் தாண்டிப்போகும் ஒன்று உண்டு. கட்டுரையின் மையமே அதுதான். கட்டியில் டி செல் குறைவு என்பது காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம்.

கட்டி வளர வளர, குடல் சுவரைத் துளைத்து ஆழமாகப் போகப் போக, அதிலுள்ள டி செல் அடர்த்தி பொதுவாகக் குறைகிறது என்று காலோன் குழுவின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. டி செல் 'களைப்பு' என்பதும் காலத்தின் விளைவு. ஒரே அந்நியப் புரதத்தை மாதக்கணக்கில் எதிர்கொள்ளும் டி செல், பி.டி.-1 போன்ற தடைப் புரதங்களை மேலும் மேலும் தன்மேல் ஏற்றிக்கொண்டு, கடைசியில் இருந்தும் இயங்காத நிலைக்குப் போகிறது. ஆகவே பாலிப்பாக (குடல் சுவரில் தோன்றும் சிறு முளையாக) இருக்கும்போது பிடிபடாமல், ரத்தசோகையோ குடல் அடைப்போ வந்த பிறகு அவசரப் பிரிவில் கண்டறியப்படும் கட்டியில் களைத்த டி செல்கள் இருப்பதில் வியப்பில்லை. அந்த நோயாளி எந்த இனத்தவராக இருந்தாலும் அப்படித்தான்.

ஒரே கட்டத்தில் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தீராதா? ஓரளவு தீரும். ஆனால் 'மூன்றாம் கட்டம்' என்பது அகலமான பெட்டி. நிணநீர் முடிச்சு ஒன்றில் பரவியவரும் பத்தில் பரவியவரும் அதே பெட்டிக்குள் வருகிறார்கள். கட்டி உடலில் எத்தனை காலம் இருந்தது என்பதை எந்த நோய்க்கூறு அறிக்கையும் சொல்வதில்லை.

இனப் பகுப்பும் துல்லியமான அளவுகோல் அல்ல. கருப்பின அமெரிக்கர் என்று தம்மைக் குறிப்பிடுவோரின் மரபணு வழியில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு ஐரோப்பிய வம்சாவளி. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின் 'ஆசியர்' பெட்டியில் ஜப்பானியரும் தமிழரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஜப்பானிய அமெரிக்கரின் பெருங்குடல் புற்றுநோய் விகிதம் இந்திய வம்சாவளியினருடையதைவிடக் கணிசமாக அதிகம். இத்தகைய பெட்டியிலிருந்து உயிரியல் முடிவு எடுப்பவர் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

பிறவி வேறுபாடு என்பதற்கு எதிரான சாட்சியங்கள்

முதலாவது, காலம். 1960களில் கருப்பினத்தவரின் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு விகிதம் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே பதிவாகியிருந்தது. அன்றைய பதிவுகளில் விடுபட்டவர்கள் இருக்கலாம் என்று தள்ளுபடி கொடுத்தாலும், பின்னர் நடந்ததை மறுக்க முடியாது: வெள்ளையர்களின் கோடு இறங்கத் தொடங்கியது, கருப்பினத்தவரின் கோடு ஏறியது, 1980களுக்குள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக் கடந்தன. இருபது முப்பது ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் மரபணுக்கள் மாறுவதில்லை. பரிசோதனையும் சிகிச்சையும் யாருக்குக் கிடைத்தன, உணவு எப்படி மாறியது என்பவைதான் மாறின.

இரண்டாவது, இடம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு மிகுந்த மூன்று நிலப்பகுதிகளை அடையாளம் காட்டியது. அவற்றில் மிசிசிப்பி டெல்டாவில் கருப்பினத்தவர் ஏராளம். அப்பலேச்சிய மலைப்பகுதியிலோ வாழ்பவர்கள் பெரும்பாலும் ஏழை வெள்ளையர்கள். நாட்டிலேயே மிக அதிக விகிதம் அலாஸ்கா பூர்வகுடியினரிடம்.

மூன்றாவது, தட்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ'கீஃப் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான். ஆனால் இத்துறையில் நான் படித்தவற்றில் இதைவிட நேர்த்தியாக வடிவமைக்கப்பட்டது அரிது. பெருங்குடல் புற்றுநோய் மிகுந்த கருப்பின அமெரிக்கர்கள் 20 பேர்; அது மிக அரிதாக வரும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கிராமத்தவர்கள் 20 பேர். இரண்டு வாரங்களுக்கு இவர்களின் உணவை மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் தினசரி நார்ச்சத்து 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. ஆப்பிரிக்கர்களுடையது 66 கிராமிலிருந்து 12 ஆகச் சரிந்தது, கொழுப்போ மூன்று மடங்கு கூடியது. பதினான்கே நாட்களில் அமெரிக்கர்களின் குடல் அழற்சி தணிந்தது. பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. புற்றைத் தூண்டும் பித்த அமிலங்கள் பெருமளவு குறைந்தன. ஆப்பிரிக்கர்களிடம் எல்லாம் தலைகீழ். ஒரு கூட்டத்தின் வேர்கள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவில், மற்றதன் வேர்கள் தென்னாப்பிரிக்காவில் என்றாலும், ஒரே 'இனப்' பெட்டியில் போடப்படுபவர்கள் இவர்கள். இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வரவோ போகவோ இல்லை. மாறியவை புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் குறியீடுகள் மட்டுமே. ஆனால் அழற்சி என்பது நோயெதிர்ப்பின் செயல்தான். அது இவ்வளவு விரைவாகத் தட்டுக்குக் கட்டுப்படுகிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

உணவுக்கும் கட்டியின் நோயெதிர்ப்புக்கும் இடையே பாக்டீரியாக்கள் நிற்கின்றன. பெருங்குடல் கட்டிகளில் அடிக்கடி காணப்படும் ஃபியூசோபாக்டீரியம் என்ற, வழக்கமாக வாயில் வாழும் பாக்டீரியா, தன் மேலுள்ள ஒரு புரதத்தால் டி செல்லின் இன்னொரு தடைப் பொத்தானை அழுத்திவிடுகிறது என்று 2015இல் தெரியவந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் கருப்பின அமெரிக்கர்களின் குடலில் கூடுதலாக இருப்பதை 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு கண்டது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவில் இவை செழிக்கின்றன. நல்ல காய்கறிக் கடை இல்லாத பேட்டையில் வாழ்வது இப்படித்தான் குடலின் உட்சுவர் வரை வந்து சேர்கிறது. சமூகக் காரணமா உயிரியல் காரணமா என்ற கேள்வி இங்கே பொருளிழக்கிறது: முதலாவதுதான் இரண்டாவதாக உருவெடுத்திருக்கிறது.

உண்மையிலேயே மரபு சார்ந்த ஒரு வேறுபாடு

மரபுக்கு எதிலுமே பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. வைவாக்ஸ் மலேரியாவிலிருந்து காக்கும் 'டஃபி இன்மை' (ரத்தச் சிவப்பணுக்களின் மேல் டஃபி என்ற புரதம் இல்லாத நிலை) என்ற மரபணு வகை, கருப்பின அமெரிக்கர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரிடம் உண்டு. இவர்களின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. தொற்று அபாயம் அதனால் கூடுவதில்லை. அணுக்கள் ரத்தத்தைவிடத் திசுக்களில் அதிகம் தங்குகின்றன, அவ்வளவுதான்.

ஆனால் கீமோதெரபி கொடுக்கும் முன் பார்க்கப்படுவது ரத்தத்திலுள்ள எண்ணிக்கையைத்தான். 'இயல்பு' என்று குறித்துவைத்த எல்லை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தை வைத்து வகுத்தது. எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார்கள். புதிய மருந்துகளுக்கான சோதனைகளிலும் இதே எல்லை நுழைவு நிபந்தனையாக நிற்கிறது. முக்கியப் புற்றுநோய்களுக்கான பெரிய மருந்துச் சோதனைகளை 2024இல் ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பாலானவை டஃபி இன்மை உள்ள ஆரோக்கியமானவர்களையே வெளியேற்றக்கூடிய எண்களை வைத்திருப்பதைக் கண்டார்கள். மரபு வேறுபாடு தானாக ஆளைக் கொல்லவில்லை; அதைக் கணக்கில் எடுக்காத அளவுகோல் சிகிச்சையைக் குறைக்கிறது.

டெலவேர் செய்து பார்த்தது

இடைவெளி எவ்வளவு தூரம் மூடக்கூடியது என்பதற்கு டெலவேர் மாநிலம் விடை வைத்திருக்கிறது. 2002இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. காப்பீடில்லாதவர்களின் கொலோனோஸ்கோப்பிச் (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செலவை மாநிலம் ஏற்றது. செவிலியர் வழிகாட்டிகள் ஒவ்வொருவரையும் தொடர்புகொண்டு, பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்து, வந்து சேரும்வரை பின்தொடர்ந்தார்கள். புற்றுநோய் கண்டறியப்பட்டால் சிகிச்சைச் செலவுக்கும் வழி செய்யப்பட்டது. கருப்பினத்தவரை எட்டுவதற்கெனத் தனி முயற்சியும் இருந்தது.

2009க்குள் கருப்பினத்தவரில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாகி வெள்ளையர்களோடு சமமானார்கள். முற்றிய அல்லது பரவிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 79 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். ஒரு லட்சம் கருப்பினத்தவருக்கு 31 ஆக இருந்த இறப்பு 18 ஆனது. வெள்ளையர்களின் விகிதத்தை ஏறக்குறைய தொட்டுவிட்டது. அந்த மாநிலத்துக் கருப்பினத்தவரின் டி செல்களில் யாரும் கைவைக்கவில்லை.

இதை வைத்து ஆய்வகப் பணி வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். டெலவேர் சிறிய மாநிலம். பரிசோதனை வயதுக்கு முன்பே நோய் வரும் இளைஞர்களுக்கு அந்தத் திட்டத்தால் பெரிய உதவி இல்லை. 2021இல் அமெரிக்கா பரிந்துரை வயதை 45 ஆகக் குறைத்த பிறகும், 43 வயதில் இறந்தவரைப் போன்றவர்கள் அதற்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்களின் கட்டிகளில் டி செல்களை உள்ளே வரவழைப்பது எப்படி என்பது ஆய்வகம்தான் தீர்க்க வேண்டிய கேள்வி. அதற்கு நோயாளியின் இனத்தைக் குறித்துக்கொண்டால் போதாது. அவர் என்ன சாப்பிட்டார், முதல் அறிகுறி வந்து எத்தனை மாதம் கழித்து மருத்துவரைப் பார்த்தார், எந்த ஊரில் வாழ்ந்தார் என்பவையும் அதே கோப்பில் வேண்டும். இன்று கட்டி மாதிரிகளைச் சேமிக்கும் பெரும்பாலான தரவுத்தொகுப்புகளில் இனத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, இவற்றுக்கு இல்லை.